போஸ்ட்மார்ட்டம் என்று சொல்லிவிட்டார்களா? வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு, வரிசைப்படி ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒருவர் விபத்திலோ, பாம்பு கடித்தோ, மருந்து குடித்தோ, காரணமே தெரியாமலோ இறந்துவிட்டால், துக்கம் ஒரு பக்கம் இருக்க, அடுத்த ஒன்றிரண்டு நாள் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில்தான் ஓடும். கணியம்பாடி, பாகாயம் பக்கத்தில் இப்படி ஏதாவது நடந்தால் கூட வரச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மார்ச்சுவரி வாசலில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். "டாக்டர் எப்போ வருவார்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் உள்ளேதான் இருப்பார். அவர் காத்திருப்பது போலீஸ் காகிதத்துக்கு.

விசாரணை அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ எழுத்தில் கேட்காமல் எந்த அரசு டாக்டரும் சட்டப்படியான பிரேதப் பரிசோதனை செய்ய மாட்டார், செய்யவும் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள வரிசை தானாகப் புரியும்.

1. இது போஸ்ட்மார்ட்டம் கேஸா என்று முதலில் பாருங்கள்

சாலை விபத்து, தற்கொலை, கொலை, தீக்காயம், விஷம், பாம்புக்கடி, மின்சாரம் தாக்கியது, தண்ணீரில் மூழ்கியது, மாடியிலிருந்தோ மரத்திலிருந்தோ விழுந்தது, வேலை செய்யும் இடத்தில் நடந்தது, காரணம் தெரியாத திடீர் மரணம் எல்லாமே போலீஸுக்குப் போகும். சம்பவம் நடந்து பத்து நாள் ஐ.சி.யு.வில் இருந்து இறந்தாலும் கணக்கு மாறாது. சர்க்கரை வியாதிக்கோ புற்றுநோய்க்கோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்து, அந்த நோயிலேயே இறந்தால் பார்த்த டாக்டர் இறப்புக் காரணச் சான்று கொடுத்துவிடுவார், போஸ்ட்மார்ட்டம் தேவையில்லை.

"எங்களுக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை, எழுதிக் கொடுத்துடறோம், பாடியைக் கொடுத்துடுங்க" என்று கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததே இல்லை. சட்டப்படியான பரிசோதனைக்கு உறவினர் சம்மதம் தேவையே இல்லை, அதனால் நீங்கள் மறுத்து எழுதிக் கொடுப்பதற்கும் மதிப்பில்லை. ஆஸ்பத்திரி டாக்டரிடம் மன்றாடுவதும் வீண். அந்த முடிவு அவர் கையில் இல்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும் "சொந்தப் பொறுப்பில் கூட்டிட்டுப் போறோம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வீட்டில் உயிர் போனதும் அன்றைக்கே எரித்துவிடுவது. வெட்டாமல் அனுப்பி வைத்தோம் என்ற ஆறுதல் கொஞ்ச நாள்தான். பிறகு விபத்து இழப்பீடு கேட்கும்போது, அந்த விபத்தால்தான் இறந்தார் என்று காட்ட ஒரு காகிதமும் இருக்காது. அக்கம்பக்கத்தில் யாராவது புகார் கொடுத்தால் அது வேறு வழக்காகிவிடும். அப்படி வீட்டில் இறந்தாலும் ஸ்டேஷனுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

2. உடலைக் குளிப்பாட்டாதீர்கள், துணியை மாற்றாதீர்கள்

நம் பக்கம் உயிர் போன உடனே வாய்க்கட்டு கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். போஸ்ட்மார்ட்டம் ஆகப்போகிற உடலுக்கு இதில் எதுவும் வேண்டாம். தாடையைச் சுற்றி இழுத்துக் கட்டிய துணி கழுத்து ஓரத்தில் தடம் பதித்துவிடும். அது எப்படி வந்தது என்று டாக்டர் எழுதியாக வேண்டும், நீங்களும் விளக்கம் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

துணியும் சாட்சிதான். வண்டி மோதியதா, கீழே விழுந்ததா என்பதற்கு டயர் தடமும் பெயிண்ட் துகளும் கிரீஸ் கறையும் சட்டையில் இருக்கும். ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்த துணியைக் குப்பையில் போடாமல் கேட்டு வாங்கி, ஈரமாக இருந்தால் நிழலில் காயவைத்து, காகிதப் பையில் வைத்துப் போலீஸிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் கவரில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்து அழுகிவிடும்.

விஷம் என்றால் டப்பா, பாட்டில், செடி, வாந்தி பட்ட துணி எதுவானாலும் எடுத்து வையுங்கள். வட ஆற்காட்டுப் பக்கம் ஒடுவன்தழை மாதிரி செடி விஷக் கேஸ்களும் வரும். என்ன சாப்பிட்டார் என்று வீட்டார் வெட்கப்பட்டு மறைத்தால், சிகிச்சையும் தடுமாறும், பிறகு டாக்டர் கருத்தும் தடுமாறும். பாம்பு என்றால் அதை அடித்துத் தூக்கி வர வேண்டாம், தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் போதும்.

ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருந்தால் எத்தனை மணிக்கு வைத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இறந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை உடல் விறைப்பையும் குளிர்ச்சியையும் வைத்துத்தான் கணிப்பார்கள், ஐஸ் அந்தக் கணக்கைக் கலைத்துவிடும்.

3. கையில் இருக்க வேண்டியவை, கூட இருக்க வேண்டியவர்கள்

இறந்தவரின் ஆதார், நெருங்கிய ரத்த உறவு ஒருவரின் ஆதார், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் எல்லாம், முக்கியமாக ஏ.ஆர். காப்பி. அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். முதன்முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் யார் கொண்டுவந்தார்கள், என்ன நடந்ததாகச் சொன்னார்கள், என்ன காயம் இருந்தது என்று அதில் எழுதியிருப்பார்கள்.

இந்த ஏ.ஆர். காப்பியில் எழுதியிருப்பதுதான் கடைசி வரைக்கும் கூட வரும். பதற்றத்தில் கூடப் போன பக்கத்து வீட்டுப் பையன் "பைக்ல இருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுவான். லாரி இடித்தது என்பது பிறகுதான் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கோர்ட்டில் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துத் தொங்குவார். அதனால் கூடப் போகிறவர் பார்த்ததை மட்டும் சொல்லட்டும். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே சொல்லட்டும்.

ஆள் கணக்கு: நிதானமாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர் போதும். ஒருவர் மார்ச்சுவரியில், ஒருவர் ஸ்டேஷனில். அம்பது பேர் டாடா ஏஸில் ஏறி வந்து வாசலில் நின்றால் வேலை வேகமாக நடக்காது.

4. மார்ச்சுவரிக்கு முன்னால் ஸ்டேஷன்

சம்பவம் எங்கே நடந்ததோ அந்த ஸ்டேஷன்தான் உங்கள் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் இல்லை. பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் அடிபட்டு வேலூரில் இறந்தால், விபத்து நடந்த எல்லையின் போலீஸ்தான் வந்து விசாரிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட் தகவல் மட்டும் அனுப்பும். தகவல் போயாச்சு என்று நம்பி உட்கார்ந்துவிடாமல், ஒருவர் நேராக அந்த ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தூர்ப் பக்கம் அடிபட்டு இங்கே கொண்டுவந்த கேஸில் ஆந்திரப் போலீஸ் வந்து சேர நேரம் பிடிக்கும், முன்கூட்டியே போன் போட்டுப் பேசுங்கள்.

புகாரை ரத்த உறவோ கணவன் மனைவியோ கொடுப்பது நல்லது. தேதி, நேரம், இடம், எப்படித் தெரியவந்தது, எந்த ஆஸ்பத்திரி, எப்போது இறந்தார், இவ்வளவு போதும். ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக் கொடுப்பார், ஆனால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "தீராத வயிற்று வலியால் மனமுடைந்து" என்ற வாக்கியம் எத்தனையோ புகார்களில் வார்த்தை மாறாமல் இருக்கும். உங்கள் வீட்டில் யாருக்கும் வயிற்று வலி இல்லை என்றால் அதை அடிக்கச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. முன்பு 174 என்று சொன்ன பிரிவு இப்போது 194. எஃப்.ஐ.ஆரில் 194 என்று இருந்தால், இயற்கைக்கு மாறான மரணம் என்று பதிந்து விசாரிக்கிறார்கள் என்று அர்த்தம், யார் மேலும் குற்றம் சாட்டவில்லை. விசாரணையில் வேறு தெரியவந்தால் பிரிவு மாறும். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள், எண்ணையும் வருடத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். இனி எங்கே போனாலும் முதல் கேள்வி அந்த எண்தான்.

5. பிரேத விசாரணை: உடலைப் போலீஸ் பார்ப்பது

எஃப்.ஐ.ஆர். ஆன பிறகு எஸ்.ஐ. அல்லது அவருக்கு மேலே உள்ளவர் வந்து உடலைப் பார்த்து, பஞ்சாயத்தார், அதாவது அக்கம்பக்கத்துச் சாட்சிகள், முன்னிலையில் அறிக்கை எழுதுவார். இதைத்தான் இன்க்வெஸ்ட் என்பார்கள். காயங்கள், துணி, கிடந்த நிலை, சாவுக்கு என்ன காரணம் என்று பஞ்சாயத்தார் நினைக்கிறார்கள், எல்லாம் அதில் வரும். சட்டம் அக்கம்பக்கத்தில் இருக்கும் இரண்டு பேராவது வேண்டும் என்கிறது, நடைமுறையில் ஐந்து பேரைக் கேட்பார்கள்.

கையெழுத்துப் போட வருகிறவர்கள் ஆதாரோடு காலையிலேயே வந்துவிட வேண்டும். மூன்று பேர் வந்து இரண்டு பேர் "வழியில இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்ததில் அன்றைய போஸ்ட்மார்ட்டமே மறுநாளுக்குப் போன கேஸ்கள் உண்டு. உடலில் நீங்கள் பார்த்த காயம் எதுவும் அறிக்கையில் விட்டுப்போயிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லுங்கள். டாக்டர் கையில் போகும் முதல் குறிப்பு இதுதான், எதைத் தேட வேண்டும் என்று அவருக்கு இதிலிருந்துதான் தெரியும்.

இரண்டு விதமான மரணங்களுக்கு வழி வேறு. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டாலோ, சந்தேகப்படும்படி இறந்தாலோ வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிப்பார். நாம் ஆர்.டி.ஓ. என்று சொல்கிறவர். வேலூர் மாவட்டத்தில் வேலூர், குடியாத்தம் என்று இரண்டு கோட்டங்கள். அவர் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பக்கமும் விசாரித்து முடித்த பிறகுதான் பரிசோதனை நடக்கும், அதனால் ஒரு நாள் கூடுதலாகவே கணக்கு வையுங்கள். கல்யாணப் பத்திரிகையோ பதிவுச் சான்றோ எடுத்துப் போங்கள், ஏழு வருஷக் கணக்கு அதை வைத்துத்தான். அடுத்தது காவலில் நடந்த மரணம். அதை நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிப்பார்.

6. நேரக் கணக்கு

போலீஸ் கடிதமும் பிரேத விசாரணை அறிக்கையும் மத்தியானத்துக்குள் மார்ச்சுவரிக்கு வந்துவிட்டால் அன்றைக்கே முடிய வாய்ப்பு அதிகம். சாயங்காலம் வந்தால் பெரும்பாலும் மறுநாள்தான்.

2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம், வசதி உள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று சொன்னது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் ஒழிய, இரவில் செய்யக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. மாலை வெளிச்சத்திலும் ட்யூப்லைட்டிலும் கன்றிய காயத்தின் நிறமும் தோலின் நிறமும் ஏமாற்றும். காயம் எத்தனை நாள் பழையது என்பதற்கு நிறம் ஒரு சாட்சி. இதனால் "ராத்திரியே முடிச்சுக் கொடுங்க" என்று சிபாரிசு பிடிக்க அலைவதில் பிரயோஜனம் இல்லை.

கண் தானம் செய்ய நினைத்தால் இந்தக் காத்திருப்பிலேயே சொல்லிவிடுங்கள். விழிவெண்படலத்தை இறந்து சுமார் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், போலீஸ் கேஸில் விசாரணை அதிகாரியின் ஒப்புதலும் தேவை.

7. உள்ளே என்ன நடக்கிறது

வெளியே நிற்கிறவர்களின் பயத்தில் பாதி, உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரியாததால் வருவது. மருத்துவக் கல்லூரியில் தடயவியல் மருத்துவத் துறை டாக்டர்கள் செய்வார்கள். எம்.பி.பி.எஸ்.க்கு மேல் மூன்று வருஷம் இதையே படித்தவர்களும், படித்துக்கொண்டிருப்பவர்களும். தாலுகா ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டரே செய்ய வேண்டியிருக்கும். சிக்கலான கேஸ் என்றால் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் முதலிலேயே மனு கொடுங்கள், பரிசோதனை முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

முதலில் அடையாளம். நெருங்கிய ஒருவரையும் உடலைக் கொண்டுவந்த போலீஸ்காரரையும் கூப்பிட்டு, இவர்தான் என்று உறுதி செய்வார்கள். அழுதுகொண்டே பார்க்காமல் தலையாட்டாதீர்கள். முகம் சிதைந்திருந்தால் தழும்பு, பச்சை குத்தியது, பல் எது தெரியுமோ சொல்லுங்கள்.

அப்புறம் வெளிப் பரிசோதனை. கத்தி வைப்பதற்கு முன்னால் துணி, உயரம், விறைப்பு, ஒவ்வொரு காயமும் எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று குறிப்பார்கள். நேரம் இதில்தான் போகும். பிறகு தலை, மார்பு, வயிறு மூன்றையும் திறந்து பார்ப்பார்கள். "தலையில மட்டும்தான் அடி, வயித்தை ஏன் வெட்டினாங்க?" என்று கோபப்படுவார்கள். தலைக்காயத்தோடு மண்ணீரலும் கிழிந்திருக்கலாம். திடீரென்று மாரடைப்பு வந்து வண்டியிலிருந்து விழுந்திருக்கவும் கூடும். ஒன்றைத் திறக்காமல் விட்டால், அதில் காரணம் இல்லை என்று கோர்ட்டில் சொல்ல முடியாது.

தூக்குக் கேஸ்களில் கழுத்தைக் கடைசியாகத்தான் அறுப்பார்கள். முதலில் தலையையும் மார்பையும் திறந்து கழுத்து ரத்தக் குழாய்களில் தேங்கிய ரத்தத்தை வடிய விட்ட பிறகு பார்த்தால்தான், கழுத்துத் தசையில் தெரியும் ரத்தக்கட்டு உண்மையானதா, அறுக்கும்போது கசிந்ததா என்ற குழப்பம் வராது.

விஷச் சந்தேகம் இருந்தால் இரைப்பையும் அதில் உள்ளதும், சிறுகுடலில் ஒரு பகுதி, கல்லீரல், சிறுநீரகத் துண்டுகள், ரத்தம் ஆகியவற்றை எடுத்து, உறுப்புகளை உப்புக் கரைசலிலும் ரத்தத்தைத் தனியாகவும் வைத்து சீல் வைப்பார்கள். ஃபார்மலினில் போட மாட்டார்கள், போட்டால் பல விஷங்களைப் பிரித்தெடுக்க முடியாது. வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய உடலுக்கு எம்பாமிங்கை போஸ்ட்மார்ட்டத்துக்குப் பிறகுதான் செய்ய வேண்டும் என்பதும் இதனால்தான். வேலூருக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காள, ஜார்க்கண்ட் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. பக்கத்தில் இருப்பவர் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் தைத்து, கழுவி, துணி சுற்றிக் கொடுப்பார்கள். தலையில் வெட்டு ஒரு காதிலிருந்து மறு காதுக்கு உச்சி வழியாகப் போகும், முடியில் மறைந்துவிடும். முகத்தில் அறுக்க மாட்டார்கள். பிள்ளைகள் முகம் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக.

8. உடலை வாங்கும்போது

போலீஸ்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைப்பார். நகை, கொலுசு, மெட்டி எது இருந்ததோ அது பட்டியலோடு வந்ததா பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் போஸ்ட்மார்ட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. வெளியே வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வதற்கு முன் 155377-க்குப் போன் செய்யுங்கள், அது அரசின் இலவச அமரர் ஊர்தி. கிராமம் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் வண்டி தயாராக இருக்கும்.

மரணத்தில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், அதைச் சொல்ல வேண்டிய நேரம் இது. எரித்துவிட்டு வந்து "மறுபடி பரிசோதனை பண்ணுங்க" என்று கேட்க முடியாது. உயர் நீதிமன்றத்தில் மனு போட்டு இரண்டாவது பரிசோதனை கேட்பவர்கள் உடலை வாங்குவதற்கு முன்பே வக்கீலைப் பார்க்க வேண்டும். எரிக்கும் வழக்கம் உள்ள குடும்பமாக இருந்தாலும் சந்தேகக் கேஸில் புதைத்துவிடுங்கள். தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட் உத்தரவில் தோண்டி எடுக்கலாம், நம் நாட்டில் அதற்குக் காலக்கெடு எதுவும் வைக்கவில்லை.

9. இறப்புப் பதிவு

21 நாளுக்குள் பதிவு இலவசம். பிறகு தாமதக் கட்டணம், ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரைக்கும் போகும். எங்கே உயிர் போனதோ அங்கேதான் பதிவு. ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரி தகவல் கொடுக்கும், கிராமத்தில் இறந்தால் வி.ஏ.ஓ., நகராட்சி மாநகராட்சிப் பகுதியில் அவர்கள் அலுவலகம்.

பெயரும் இன்ஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஏ.ஆர். காப்பியில் "மணி", எஃப்.ஐ.ஆரில் "சுப்பிரமணி", ஆதாரில் "சுப்பிரமணியன்" என்றால் மூவரும் ஒருவரே என்று நிரூபிக்கவே தனியாக அலைய வேண்டியிருக்கும்.

இறப்புச் சான்றிதழில் சாவுக்கான காரணம் இருக்காது, சட்டமே அதைக் காட்டக் கூடாது என்கிறது. இன்சூரன்ஸ்காரர் காரணம் கேட்டால் போஸ்ட்மார்ட்டம் அறிக்கைதான்.

10. அறிக்கையை வாங்குவதும் படிப்பதும்

போஸ்ட்மார்ட்டம் சான்று முதலில் விசாரணை அதிகாரிக்கும் கோர்ட்டுக்கும் போகும். உங்கள் நகலை ஸ்டேஷனில் எழுதிக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் கோர்ட்டில் நகல் மனு. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தெரிந்த ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் சொன்ன அரைகுறை அர்த்தத்தை வைத்து ஊரில் சண்டை மூண்டதை நான் பார்த்திருக்கிறேன். அதிகமாகத் தப்பாகப் படிக்கப்படும் சில இடங்கள்:

"கஞ்செஸ்டட்". நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், மூளை எல்லாவற்றுக்கும் எதிரே இந்தச் சொல் இருக்கும். ரத்தம் தேங்கியிருக்கிறது என்பதைத் தவிர வேறு ஒன்றுமில்லை. எத்தனையோ விதமான சாவில் இது வரும், விஷத்துக்கு அடையாளம் இல்லை.

முதுகு நீலம். இது அறிக்கையில் இருப்பதைவிடக் குளிப்பாட்டும்போது பார்த்தவர்கள் சொல்வது: "முதுகெல்லாம் கருநீலமா இருந்துச்சு, அடிச்சே கொன்னுருக்காங்க". இதயம் நின்றதும் ரத்தம் தாழ்வான பக்கத்தில் இறங்கித் தங்கும். மல்லாந்து கிடந்தவருக்கு முதுகு நீலமாகும், தோளும் பிட்டமும் தரையில் அழுந்திய இடம் மட்டும் வெளுத்திருக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் அது அங்கேயே நிலைத்துவிடும். அடிபட்ட கன்றலா, தேங்கிய ரத்தமா என்று தெரிய டாக்டர் அந்த இடத்தில் கீறிப் பார்ப்பார். தேங்கியது என்றால் தண்ணீர் ஊற்றினால் கழுவிப் போகும், அடி என்றால் தசைக்குள் உறைந்த ரத்தம் போகாது.

விலா எலும்பு முறிவு. 108-இலோ ஐ.சி.யு.விலோ நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கப் பார்த்திருந்தால் நெஞ்செலும்பை ஒட்டி விலா முறிவது சகஜம். மார்பில் குழாய் போட்ட வெட்டு, ஊசி குத்திய தடம் இவையும் காயப் பட்டியலில் வரலாம். ஆஸ்பத்திரிச் சீட்டு டாக்டர் கையில் இருந்தால் "சிகிச்சையின்போது ஏற்பட்டது" என்று பிரித்து எழுதுவார், மூன்றாவது பகுதியில் அந்தச் சீட்டுகளைக் கேட்டது இதற்குத்தான். தரையில் கிடந்த உடலில் எறும்பு கடித்த இடம் பழுப்பு நிறச் சிராய்ப்பு மாதிரி தெரியும், அதையும் சூடு வைத்த தழும்பு என்று எண்ணிவிடுவார்கள்.

"பரிசோதனைக்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன்." இறந்த நேரத்துக்கு இது ஒரு வரம்புதான், கடிகார நேரம் இல்லை. சாப்பிட்டது, வெயில், உடல்வாகு, ஐஸ் எல்லாம் இதை மாற்றும். "அவன் எட்டு மணிக்குதான் வந்தான், ரிப்போர்ட்ல ஏழு மணின்னு வருது" என்று கழித்துக் கூட்டிப் பார்க்காதீர்கள்.

"இறுதிக் கருத்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது." பயப்பட வேண்டாம், அறிக்கை முடியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உள்ளுறுப்புப் பரிசோதனை முடிவு வந்த பிறகு டாக்டர் தனியாக இறுதிக் கருத்து கொடுப்பார்.

11. உள்ளுறுப்பு முடிவுக்காகத் துரத்துவது

சீல் வைத்த ஜாடிகள் தானாக லேபுக்குப் போகாது. மாஜிஸ்திரேட் வழியாகக் கடிதம் வாங்கி, ஒரு போலீஸ்காரர் கையில் எடுத்துப் போய் வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டும். வேலூரிலேயே அப்படி ஒரு ஆய்வகம் இருப்பதால் தூரம் ஒரு தடை இல்லை. பந்தோபஸ்து, திருவிழா, தேர்தல் என்று ஆள் இல்லாமல் ஜாடி கிடப்பதுதான் தடை. பத்துப் பதினைந்து நாளில் ஸ்டேஷனுக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "லேபுல கொடுத்தாச்சா, என்ன நம்பர்?" நம்பர் இருந்தால் போய்ச் சேர்ந்துவிட்டது. "ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்டால் "இன்னும் வரல" என்ற பதில்தான் வரும், போகவே இல்லை என்பது வெளியே தெரியாது.

"விஷம் காணப்படவில்லை" என்று முடிவு வந்தால் விஷமே இல்லை என்று ஆகிவிடாது. இரைப்பையைக் கழுவியிருப்பார்கள், பல நாள் சிகிச்சையில் உடம்பே வெளியேற்றியிருக்கும், பாம்பு விஷம் வழக்கமான ரசாயனச் சோதனையில் சிக்காது. அப்போது டாக்டர் ஆஸ்பத்திரிக் குறிப்புகளையும் கடித்த தடத்தையும் உறுப்புகளின் நிலையையும் வைத்துக் கருத்து சொல்லலாம். லேப் முடிவு வந்ததும் அதைப் பரிசோதனை செய்த டாக்டரிடம் கொண்டுபோய் இறுதிக் கருத்து வாங்க வேண்டியது விசாரணை அதிகாரி. இந்தக் கடைசி அடியை மறந்து, வருஷக்கணக்கில் "ரிசர்வ்டு" (கருத்து நிறுத்திவைப்பு) என்றே கிடக்கும் கோப்புகள் நிறைய.

12. இழப்பீடு கேட்கிறவர்களுக்கு

சாலை விபத்து வழக்கை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. கிருஷ்ணகிரியில் நடந்திருந்தாலும் நீங்கள் வேலூரில் குடியிருந்தால் வேலூர்த் தீர்ப்பாயத்தில் போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் திரும்ப வந்திருக்கிறது. லேப் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், இருக்கிற காகிதத்தோடு மனுவைப் போட்டுவிடுங்கள். இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் வருவாய்த் துறை வழியாக 2 லட்சம் ரூபாய் கேட்கும் திட்டம் தனியாக இருக்கிறது. இழப்பீடு வாங்கித் தருகிறேன் என்று மார்ச்சுவரி வாசலிலேயே வெற்றுப் பேப்பரில் கையெழுத்துக் கேட்டு வருகிறவர்களிடம் போடாதீர்கள். காரியம் முடிந்த பிறகு நிதானமாக வக்கீலைத் தேர்ந்தெடுக்க நேரம் இருக்கிறது.

பாஸ்புக்கில் வருஷத்துக்கு ஒரு தடவை 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். அது பிரதமர் விபத்துக் காப்பீடு, விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அந்த 20 ரூபாய் எதற்கென்று கணக்கு வைத்திருந்தவருக்கே பல சமயம் தெரிந்திருக்காது, வங்கியும் தானாகக் கூப்பிட்டுச் சொல்லாது. இதற்குத் தாமதம் கூடாது, அந்த மாதத்திலேயே கிளைக்குப் போங்கள்.

ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இந்த ஐந்தையும் ஒரே ஃபைலில் வைத்து, கேட்கிற இடத்திலெல்லாம் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.